குடிசை வரியும் கைப்பேசிக் காசும்

ஆப்பிரிக்கச் சிற்றூரைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படும் அறிக்கைகளைப் புரட்டுவோர்க்கு ஒரே படம் அலுக்காமல் காட்டப்படுகிறது. மக்காச்சோளக் கொல்லை, கொல்லையின் நடுவே கூரை வீடு, வீட்டு வாயிலிலே ஒரு மூதாட்டி, அவள் கையிலே கைப்பேசி. நகரத்தில் உழைக்கும் மகன் அனுப்பிய பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் அக்கருவியில் வந்து சேர்கிறது, மூதாட்டி முறுவலிக்கிறாள். படத்தின் அடியில் தீட்டப்படும் கருத்தும் ஒன்றே: தொலைவு ஒழிந்தது, இனி வறுமையும் ஒழியும்!

முறுவல் பொய்யன்று, பணம் வந்ததும் பொய்யன்று. அவள் மகிழ்ச்சியைக் குறைகூற எழுந்ததன்று இக்கட்டுரை. ஆயினும், அந்தப் படத்திலே இடம்பெறாத ஒருவன் இருக்கிறானே, அந்த மகன், அவன் ஏன் அங்கே இல்லை? பெற்ற தாயையும் பிறந்த மண்ணையும் விட்டு, நெடுந்தொலைவிலுள்ள நகரில் ஒற்றை அறையில் அவன் ஒடுங்கிக் கிடப்பதேன்? அவனைப் போகச் சொன்னது யார்? அவன் அனுப்பிய காசில் வழியிலே கிள்ளி எடுத்துக்கொண்டவர் எவர்? இவ்வினாக்களைக் கேளாத அறிக்கை கணக்கிலே பிழையற்றதாக இருக்கலாம், கருத்திலே குறையுடையதே.

அறிக்கையும் ஓர் எழுத்துதான். கதையைத் திறனாய்வது போலவே அதனையும் திறனாயலாம். எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கலாம். அதற்குத் துலாக்கோலாக இரண்டு படைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1966இல் கதையாக எழுதி, 1968இல் திரைப்படமாக ஆக்கிய ‘மண்டாபி’. மற்றொன்று, கென்ய நாட்டு கூகி வா தியாங்கோ 1977இல் வெளியிட்ட ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ என்னும் நாவல். குருதி இதழ்கள் என்பது அதன் பொருள். இரண்டும் கைப்பேசி பிறவாத காலத்துப் படைப்புகள். எனினும், கைப்பேசியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அவற்றிலே உள்ளன. அவற்றை எடுத்துரைக்குமுன், அந்த மகன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட வரலாற்றைக் கென்ய நாட்டிலே காண்போம். கைப்பேசிப் பணத்தின் தாயகம் என்று போற்றப்படுவது அந்நாடுதானே!

கென்யா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிழக்காப்பிரிக்கப் பாதுகாப்பு நாடு’ என்ற பெயரால் ஆங்கிலேயர் ஆட்சியிலே இருந்தது. பெயரிலே பாதுகாப்பு, செயலிலே பறிப்பு! 1901இல் குடிசை வரி விதித்தனர். மாளிகைக்கு வரி என்று கேட்டிருக்கிறோம். மண் சுவரும் புல் கூரையும் கொண்ட குடிசைக்கு வரி! ஆடும் மாடும் தானியமும் செல்வமாக மதிக்கப்பட்ட ஊரிலே, காசு தேடியாக வேண்டும் என்ற கட்டாயம் பிறந்தது. குடிசையில்லாத இளைஞன் தப்பிவிடக் கூடாதே என்று 1910இல் தலைவரி வந்தது. வளமான மேட்டு நிலங்களோ வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன; 1915ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு 999 ஆண்டுக் குத்தகை வழங்கிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின்னர் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், 16 வயதைக் கடந்த ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவனும் கைரேகை பதித்த ‘கிப்பாண்டே’ என்னும் சீட்டைச் சுமக்க வேண்டுமென்றது. சிறு உலோகப் பேழையில் இட்டுக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான் அந்நாட்டான், தன் சொந்த நாட்டிலே! இக்கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பிய ஹாரி துக்கு 1922 மார்ச்சில் சிறைப்பட்டதும், அவரை விடுவிக்கக் கோரி நைரோபியிலே திரண்ட மக்கள்மீது துப்பாக்கி வெடித்ததும், மேரி முத்தோனி நியாஞ்சிரு என்னும் வீராங்கனை அங்கே உயிர் நீத்ததும் வரலாறு.

வரி வேண்டியது கருவூலத்தை நிரப்ப மட்டுமா? வெள்ளையர் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆளை ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டும். அதற்கு வரியைப் போல் வசதியான சவுக்கு வேறில்லை. அன்றைய ஆட்சியாளர்கள் இதனை மறைக்கவுமில்லை. குடிசையிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து நகரத்துக்கும் ஆண்மகன் நடந்தான். அவன் நடந்த தடமே பின்னாளில் பேருந்துச் சாலையாயிற்று. அந்தத் தடத்தின் வழியேதான் இன்று கைப்பேசிப் பணமும் பாய்கிறது. ஆகவே, கைப்பேசி புதிய பாதையைத் திறந்தது என்பது அரை உண்மை. குடிசை வரி போட்ட பாதையை அது விரைவுபடுத்திற்று என்பதே முழு உண்மை.

போனவனுக்குக் கொடுத்த கூலி என்ன? தனி ஒருவன் வயிற்றுக்குப் போதுமான கூலி! ‘அவனுக்குத்தான் ஊரிலே நிலமிருக்கிறதே; மனைவியும் மக்களும் அங்கே விளைவித்து உண்ணட்டும்’ என்பது முதலாளியின் கணக்கு. ஆப்பிரிக்கரின் ஊதியத்தை ஆராய்ந்த கார்ப்பெண்டர் குழு, இக்கணக்கை மாற்றிக் குடும்பத்துக்குப் போதிய கூலி தர வேண்டுமென்று 1954இல்தான் பரிந்துரைத்தது. அதுவரை யார் யாரைத் தாங்கினார்கள்? நகரத்துக் கூலி ஊரைத் தாங்கியதாகச் சொல்லுவர். உண்மையில், ஊரிலே களைக்கொட்டு பிடித்த பெண்ணின் உழைப்பன்றோ நகரத்து முதலாளிக்கு நாள்தோறும் மானியம் அளித்தது!

இப்படித்தான் ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்புகள் உண்டாயின. ஓர் அடுப்பு நைரோபியிலோ மொம்பாசாவிலோ வாடகை அறையிலே எரியும்; மற்றோர் அடுப்பு விக்டோரியா ஏரிப் பக்கத்துச் சிற்றூரிலே எரியும். குடும்பம் ஒன்றுதான். ஊரிலிருந்து மாவும் பயறும் மூட்டையாக நகரத்துக்குப் போகும். நகரத்திலிருந்து பணமும் சர்க்கரையும் ஊருக்கு வரும். 1963இல் நாடு விடுதலை பெற்றது, கொடி மாறிற்று, இரண்டு அடுப்பு மாறவில்லை.

நகரத்துக்குப் போனவன் ஊரை மறந்துவிடலாமே என்பீர்கள். மறக்க முடியாது. வேலை போனால் விழுந்து கிடக்க ஊர்; முதுமையிலே முடங்க ஊர்; மாண்டால் புதையவும் ஊர்தான். 1987இல் கென்யாவைக் கலக்கிய ஒரு வழக்கு இதற்குச் சான்று. நைரோபியில் புகழுடன் விளங்கிய வழக்கறிஞர் எஸ். எம். ஒட்டியேனோ இறந்தார். தலைநகருக்கருகே தம் நிலத்தில் அடக்கம் செய்வேன் என்றார் மனைவி வாம்புயி. லுவோ மரபுப்படி பிறந்த ஊரில்தான் அடக்கம் என்றனர் குலத்தார். பல திங்கள் நடந்த வழக்கின் முடிவிலே நீதிமன்றம் குலத்தார் பக்கமே தீர்ப்பளித்தது. படித்த வழக்கறிஞருக்கே இந்நிலை என்றால், பாமரத் தொழிலாளிக்கு ஊர் வெறும் நினைவாகுமா? அது அவன் காப்புறுதி, அவன் கல்லறை. அதற்காகவே அவன் பணம் அனுப்புகிறான். அந்த மனைவியின் சொல் செல்லாமற்போனதையும் நாம் மறத்தலாகாது.

2007ஆம் ஆண்டுக்கு முன்பு அந்தப் பணம் எப்படிப் போயிற்று? ஊருக்குப் போகும் உறவினன் மடியிலே போயிற்று. பேருந்து ஓட்டுநர் கையிலே போயிற்று. அஞ்சலகப் பணவிடையாகவும் போயிற்று. போனது போய்ச் சேரும்; சேராமலும் போகும். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் ‘எம்-பெசா’ என்ற பணியைத் தொடங்கிற்று. ‘பெசா’ என்றால் சுவாகிலி மொழியில் பணம். நம் பைசாவின் உறவுச் சொல் என்பர். கிழக்காப்பிரிக்காவில் 1920 வரை இந்திய ரூபாயே செலாவணியாக இருந்ததை எண்ணினால் இது வியப்பன்று. முறை எளிது. தெருக்கோடிக் கடையிலே பணத்தைக் கொடுத்தால் கைப்பேசிக் கணக்கில் ஏறும். அங்கிருந்து குறுஞ்செய்தியாக ஊருக்குப் பறக்கும். ஊர்க் கடையிலே அடையாள அட்டையைக் காட்டினால் மீண்டும் நோட்டாகும். வங்கிப் படியேறாதவர்க்கும் வாய்த்தது இவ்வசதி.

இதிலே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்திட்டத்தை முதலில் வகுத்தவர்கள், சிறுகடன் வாங்கியோர் தவணை கட்டுவதற்கென்றே இதனை 2005இல் சோதித்தனர். மக்களோ அதனை ஒருவர்க்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். அதைக் கண்ட பின்பே, வீட்டுக்குப் பணம் அனுப்புக என்பது நிறுவனத்தின் விளம்பர முழக்கமாயிற்று. ஆக, கருவியைக் கொடுத்தது நிறுவனம். அதன் பயனைக் கண்டுபிடித்தது, இரண்டு அடுப்புக்கிடையே அல்லற்பட்ட மக்கள்! இந்தப் பெருமையை நிறுவனத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன புகழுரைகள்.

நன்மையை நன்மை என்று ஒப்புவதே நேர்மை. 2007ஆம் ஆண்டு இறுதித் தேர்தலைத் தொடர்ந்து, 2008 தொடக்கத்தில் கென்யாவிலே கலவரம் மூண்டு, கடைகள் மூடி, சாலைகள் அடைபட்டபோது, சிக்கிக்கொண்டோர்க்கு உறவினர் அனுப்பிய கைப்பேசிப் பணமே கைகொடுத்தது. தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் பொருளியல் அறிஞர் இருவரின் ஆய்வு 2014இல் வெளிவந்தது. நோயோ வேலையிழப்போ தாக்கியபோது, எம்-பெசா இல்லாத வீடுகளில் நுகர்வு 7 விழுக்காடு குறைந்தது. அதனைப் பயன்படுத்திய வீடுகளில் குறையவில்லை என்று அவர்கள் கண்டனர். காரணம், தொலைவிலுள்ள உற்றார் பலரும் சிறுசிறு தொகையாக உடனே அனுப்ப முடிந்ததுதான். 2016இல் அவர்களே எழுதிய மற்றோர் ஆய்வு, 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு, கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று கணக்கிட்டது. 1,85,000 பெண்கள் வயிற்றுப்பாட்டு உழவைவிட்டு வணிகத்துக்கு வந்தனர் என்றும் கூறிற்று. இக்கணக்கைப் பிறிதொரு குழுவினர் 2019இல் மறுத்துரைத்தனர். ஒரே தெருவில் பத்துப் பேர் தக்காளி விற்கத் தொடங்கினால் பத்துப் பேரும் வாழ்வாரா, ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிப்பாரா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வாதம் நடக்கட்டும். கடுங்காலத்திலே வீட்டைத் தாங்கும் தூணாகக் கைப்பேசி நின்றது என்பதை மறுப்பார் எவருமில்லை.

ஆனால், தூண் நிற்கும் வீட்டுக்குள்ளே நடப்பதென்ன? ஓல்கா மொராவ்சின்ஸ்கி என்னும் ஆய்வாளர், நைரோபியின் கிபேரா சேரியிலும், மேற்குக் கென்யாவின் புகூரா என்னும் ஊரிலும் தங்கி ஆராய்ந்தார். ஊரிலே பணம் பெற்றோரின் வருவாய் 30 விழுக்காடு வரையிலும் உயர்ந்ததென்று கண்டார். கணவனுக்கு அறிவிக்காமலே பணம் பெறவும் சேர்க்கவும் பெண்களால் முடிந்ததையும் கண்டார். நோட்டைப் பெட்டியில் ஒளித்தால் கண்டெடுத்துவிடுவான். கைப்பேசியில் ஒளித்ததைக் காண முடியாதல்லவா! இவற்றோடு வேறொன்றையும் அவர் எழுதினார். முன்பெல்லாம் பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கவேனும் கணவன் ஊருக்கு வந்தான். இப்போது பணம் வருகிறது, கணவன் வருவது குறைகிறது. நகரத்திலே வேறொருத்தியைத் தேடிக்கொள்வானோ என்று மனைவியர் அஞ்சினர். இந்த அச்சத்தை எந்த விளம்பரப் பலகையில் எழுதுவார்கள்? வருவாய்ப் பத்தியில் கூட்டுவதா, செலவுப் பத்தியில் கழிப்பதா? அறிக்கை எழுதுவோர்க்கு அதற்குரிய பத்தியே இல்லை. இங்கேதான் இலக்கியம் தேவைப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். செம்பேனின் ‘மண்டாபி’யிலே, டாக்கார் நகரில் வேலையின்றி வாழும் இப்ராஹிமா டியங் என்பவனுக்குப் பாரிசிலிருந்து பணவிடை வருகிறது. அனுப்பியவன் அவன் உடன்பிறந்தாளின் மகன். பாரிசுத் தெருவைப் பெருக்குபவன். தொகை 25,000 பிராங்கு. அதில் டியங்குக்கு 2,000. சிற்றூரிலிருக்கும் தாய்க்கு 3,000. எஞ்சிய 20,000ஐத் தன் பொருட்டுச் சேர்த்து வைக்கச் சொல்லுகிறான் பிள்ளை. கடல் கடந்த பணம், கடைசி நான்கு தெருவைக் கடக்க முடியவில்லை! பணம் வேண்டுமா, அடையாள அட்டை கொண்டு வா. அட்டை வேண்டுமா, பிறப்புச் சான்று கொண்டு வா. பிறந்த நாளே தெரியாதவன் சான்றுக்கு எங்கே போவான்? கடிதத்தைப் படித்துச் சொல்லக் காசு, நிழற்படத்துக்குக் காசு. பணம் கைக்கு வருமுன்னே அதன் பெயரால் கடை அரிசி கடனாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. அண்டை அயலார் கைமாற்றுக் கேட்டு வந்துவிடுகின்றனர். ஊரிலிருந்து அந்தத் தாயும் தன் பங்கைக் கேட்டு வந்துவிடுகிறாள். முடிவிலே, படித்த உறவினன் ஒருவன் உதவுவதாகக் கூறி அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, களவு போயிற்று என்று கைவிரிக்கிறான்.

செம்பேன் இப்படத்தை வோலோப் மொழியிலே எடுத்தார். பிரெஞ்சு நூலைப் படிக்க முடியாத தம் மக்கள் கண்டு உணர வேண்டுமென்பதற்காக. எம்-பெசா தோன்றிய அதே 2007இல், ஜூன் திங்களில், அவர் மறைந்தார். டியங்கின் கையிலே கைப்பேசி இருந்திருந்தால் கதையே இல்லை என்று சிலர் நகைக்கக்கூடும். பணம் நேரே வந்திருக்கும், உண்மை. ஆனால் அடையாள அட்டை? கென்யாவிலே நூபியர், சோமாலியர் ஆகிய இனத்தார், பிறந்து வளர்ந்த நாட்டிலேயே அட்டை பெறத் தனி விசாரணைக்கு நெடுங்காலம் உட்படுத்தப்பட்டனர். அட்டை இல்லையேல் கைப்பேசிக் கணக்கும் இல்லை. கிப்பாண்டே கழுத்திலிருந்து இறங்கியது, கருவிக்குள் புகுந்துகொண்டது! சாளரத்துக்குப் பின்னே அமர்ந்து ‘நாளை வா’ என்ற எழுத்தர் மறைந்திருக்கலாம். வழிமறித்து நிற்பவர் மறைந்தாரா?

இதற்கு விடை காணக் கூகியின் நாவலுக்கு வருவோம். இல்மொரோக் என்னும் சிற்றூர் வறட்சியில் வாடுகிறது. ஊரார், தம்மிடம் வாக்குப் பெற்ற உறுப்பினரைத் தேடி, கழுதை வண்டியுடன் நைரோபிக்கு நடக்கின்றனர். நடை நாட்டின் கவனத்தை ஈர்க்கிறது. பின்னர் ஊருக்கு நெடுஞ்சாலை வருகிறது. சாலையோடு வங்கி வருகிறது. வங்கியோடு கடன் வருகிறது. வேலி போட, வித்து வாங்கக் கடன் பெற்ற உழவர் கட்ட முடியாமல் நிலத்தை இழக்கின்றனர். நியாகின்யுவா என்னும் முதியவள் நிலம் ஏலத்துக்குப் போகிறது. அந்த இடி அவளைக் கொன்றே விடுகிறது. ஊரார் காய்ச்சி விற்ற பானத்தின் உரிமையும் பெரும்புள்ளிகளின் கைக்குப் போகிறது. சாலை வேண்டாம் என்பவரல்லர் கூகி. சாலை யாருக்கு வண்டி ஓட்டியது, யார்மீது ஏறியது என்று கேட்டவர் அவர். அந்த 1977இன் இறுதியில், தாய்மொழியாம் கிக்கூயுவில் நாடகம் நடத்தியதற்காகச் சிறைக்கனுப்பப்பட்டார். 2025 மே திங்களில் மறைந்தார்.

அவர் வரைந்த சாலைக்குப் பின் வங்கி வந்ததுபோலவே, கைப்பேசிப் பணத்தின் பின்னே கைப்பேசிக் கடன் வந்தது. 2012 நவம்பரில் ‘எம்-ஷ்வாரி’ என்ற கடன் பணி தொடங்கிற்று. 30 நாள் கடனுக்கு 7.5 விழுக்காடு கட்டணம். திங்களுக்கு ஏழரை என்றால் ஆண்டுக்குத் தொண்ணூறு! ஊர் வட்டிக்கடைக்காரன் இதைக் கேட்டால் கொடுமை என்போம். கருவி கேட்டால் புதுமை என்கிறோம். 2019 சனவரியில் ‘ஃபுலிசா’ வந்தது. கையிருப்பு இல்லாவிட்டாலும் அனுப்பு, பின்னர் வரும் பணத்திலே பிடித்துக்கொள்கிறோம் என்றது. மகன் அனுப்பிய பணம் தாயின் கையில் விழுமுன் பழங்கடனுக்குப் போய்விடும். மண்டாபியில் அரிசிக்கடைக்காரன் கடைவாயிலில் காத்திருந்தான். இங்கே கடன்காரன் கணக்குக்குள்ளேயே காத்திருக்கிறான்! இவர்களுக்குப் பின் புற்றீசல்போல் கிளம்பிய கடன் செயலிகள், கட்டத் தவறியவரின் கைப்பேசியிலிருந்த எண்களையெல்லாம் அழைத்து, உற்றார் காதில் ஓதி மானத்தை வாங்கின. 2021 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியும், 2022இல் விதிகளை வகுத்தும், அவற்றை நடுவண் வங்கியின் உரிமத்துக்கு உட்படுத்தியது கென்ய அரசு. உறவு என்பது இடுக்கணில் தாங்கும் கை. அதனையே கடன்காரன் முறுக்கும் கையாக மாற்றிய திறமையைப் புகழுரைகளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது!

அரசு மட்டும் விலகி நின்றதா? 2013இல் கென்யா, பணம் அனுப்பும் கட்டணத்தின்மீது 10 விழுக்காடு வரி விதித்தது. 2018இல் அது 12 ஆயிற்று. 2023இல் 15 ஆயிற்று. உகாண்டா 2018 ஜூலையில் கைப்பேசிப் பணத்தின்மீதே 1 விழுக்காடு வரி போட்டது. மக்கள் தெருவுக்கு வந்து முழங்கிய பின்னர், பணம் எடுப்பதற்கு மட்டும் அரை விழுக்காடு என்று குறைத்தது. கானா 2022 மே திங்களில் ஒன்றரை விழுக்காடு விதித்தது, வெறுப்பைச் சம்பாதித்தது, 2025இல் அடியோடு நீக்கியது. வரிசையை நோக்குக! அன்று அயலான் அரசு குடிசைக்கு வரி போட்டு மகனை ஊரைவிட்டுத் துரத்திற்று. இன்று சொந்த அரசு, அவன் அந்தக் குடிசைக்கு அனுப்பும் காசிலே வரி கேட்கிறது. போனதற்கும் வரி, அனுப்புவதற்கும் வரி! வரியே கூடாது என்பதன்று நம் கருத்து. அரசு நடக்க வரி வேண்டும். அதனை இலாபம் குவிப்போரிடம் கேட்பதற்கும், தாய்க்கு மருந்து வாங்க மகன் அனுப்பும் ஆயிரத்தில் கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை அறியாத அரசு, யாருடைய அரசு?

‘கட்டணமின்றி எப்படி நடத்துவது?’ என்பர். நடத்திக் காட்டினார்களே! 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது, கென்யாவிலே 1,000 ஷில்லிங் வரை அனுப்புவதற்குக் கட்டணம் நீக்கப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை, நிறுவனமும் விழவில்லை, அனுப்புவோர் தொகை பெருகிற்று. ஆண்டு முடிந்தது, சலுகையும் முடிந்தது. நோய்க்கு அஞ்சிச் செய்ததை நீதிக்கு அஞ்சிச் செய்யலாகாதா?

உழவும் நிலமும் பற்றி ஒரு சொல். மகன் போனபின் நிலத்தை உழுதவள் பெண். ஆனால் 1954இல், ஸ்வின்னர்ட்டன் திட்டம் என்ற பெயரால் நிலங்களை அளந்து பட்டா வழங்கத் தொடங்கியபோது, பட்டாவில் ஏறியது பெரும்பாலும் ஆணின் பெயர். ஊரில் இல்லாதவன் உடையவன். ஊரிலிருந்து உழைத்தவள் உரிமையற்றவள்! 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நிலத்திலே ஆண் பெண் வேற்றுமை கூடாதென்று எழுதியது, நன்று. எழுத்து ஊருக்குள் நடந்து வர இன்னும் எத்தனை நாளாகுமோ! கைப்பேசிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறது. காணி அவன் பெயரிலே இருக்கிறது. இதனை விடுதலை என்று அழைப்பது எங்ஙனம்? அவனிடமிருந்து செய்தி நின்ற நாளில் கணக்கும் வற்றும். பின்னர் அவள் கையில் எஞ்சுவது எது?

எனவே, நம் தீர்ப்பு இது. கைப்பேசி பழிக்கத்தக்கதன்று, பிரிந்த குடும்பத்தை அது இணைக்கிறது, இடர் வந்த நாளில் காக்கிறது. ஆனால் பிரிவைத் தாங்கத் துணைசெய்யும் கருவியை, பிரிவின் காரணத்தைத் தீர்க்கும் மருந்தென்று விளம்பரம் செய்வது மோசடி. குடும்பத்துக்குப் போதிய கூலி, உழுபவள் பெயரில் நிலம், ஏழையின் சிறுதொகைக்குக் கட்டணமும் வரியும் இன்மை, கடனுக்குக் கடிவாளம், கேட்டவுடன் அட்டை ஆகிய ஐந்தையும் கைப்பேசி தாராது. மக்களாட்சிதான் தர வேண்டும். செம்பேனும் கூகியும் புள்ளி விவரம் சொல்லவில்லை; எனினும், பணம் புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் மட்டும் பாராமல், இடையிலே நீண்ட கைகளையும் காட்டினர். அடுத்து வரும் அறிக்கை எவ்வளவு பணம் பாய்ந்தது என்று எழுதட்டும். அதனோடு, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போக வேண்டிய தேவை ஒழிந்தது என்றும் எழுதட்டும். போவது விருப்பமாக வேண்டும். விரட்டலாக இருத்தல் ஆகாது. அந்நாள் வரும்வரை, அந்தப் பணம் வாழ்வு வளர்ந்ததற்குச் சான்றாகாது. வாழ்வு இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கே சான்று.